குகை பாக்கப் போற மருமகனுக்கு

மருமகனே, வார மாசம் பொஞ்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கதீட்ரல் கோவ் குகைக்குப் போகப்போறதா உங்க அம்மா சொன்னா. கேட்டதும் எனக்கு ஒரே சந்தோசம். ஊர்ல இருக்கையில தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கவே பைக்கை எடுத்த பிள்ளை, நியூசிலாந்துக்குப் போயி மேடு ஏறி, படி இறங்கி, கடல்ல நீந்தப்போகுதுன்னா சும்மாவா? நல்லபடியா போயிட்டு வா. தாய்மாமன் முறைக்குச் சீர் செய்யலாம்னு பாத்தா கையில காசு இல்ல. புத்தி கொஞ்சம் மிச்சம் கெடக்கு, அதை வாங்கிக்கோ.

நான் அந்தப் பக்கம் போனவன்தான்ங்கிறது உனக்குத் தெரியும். மகளுக்குப் பேறுகாலம் பாக்க உங்க அத்தை போனா, அவளுக்குத் துணைக்கு நான் போனேன். பிள்ளையைத் தூங்கவைக்கிற வேலை அவளுக்கு, தூங்குத வேலை எனக்கு. ஆக்லாந்துல நாலு சுவத்துக்குள்ளேயே கெடந்தா மனுசன் சுவரோட பேச ஆரம்பிச்சிருவான்னு பயந்து, மகள் ஒருநாள் காருல ஏத்தி அங்கன கொண்டுபோய் விட்டா. அதனால இப்போ நான் சொல்லப்போறது கூகுள் சொன்னதில்ல, என் முட்டி சொன்னது.

நீ மகள்கிட்ட போன்ல கேட்ட முதல் கேள்வியே “பார்க்கிங் இருக்கா?”ன்னுதானாம். கெட்டிக்காரன். ஆக்லாந்துல இருந்து கோரமண்டல் தீபகற்பத்துல இருக்கிற ஹாஹேய் ஊருக்கு ரெண்டரை மணி நேர ஓட்டம். கடைசிப் பாதி வளைவும் நெளிவுமா போகும். பின்சீட்டுல இருக்கிற பிள்ளைக கையில ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து வை. ஹாஹேய் வாசல்லயே பெரிய வண்டி நிறுத்தம் இருக்கு. கோடையில அங்கனயே நிறுத்திட்டு, ஒண்ணு பஸ்ஸு ஏறணும், இல்ல நடந்து மேட்டுக்குப் போகணும். “நம்ம வண்டி ஒண்ணை மட்டும் ஓரமா...”ன்னு இழுப்பே, எனக்குத் தெரியும். அந்தக் கலையை நம்ம ஊர்க் கல்யாண மண்டப வாசல்ல காட்டு. அங்கன ஓரத்துக்கும் அபராதம் உண்டு.

கோரமண்டல்னு கேட்டதும் எனக்கு அவுரா போற ரயில்தான் ஞாபகம் வந்துச்சு. மகள்தான் விளக்கினா. 1820ல எச்.எம்.எஸ். கோரமண்டல்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல், பாய்மரத்துக்கு கவ்ரி மரம் வாங்க அந்தப் பக்கம் வந்து நின்னுச்சாம். கப்பலுக்கு வச்சிருந்தது நம்ம சோழமண்டலக் கரையோட பேரு. கப்பல் மரத்தை ஏத்திக்கிட்டுப் போயிருச்சு, பேரு அங்கனயே தங்கிருச்சு. நீ விசாவுக்கு அத்தனை அலைச்சல் அலைஞ்சியே, உனக்கு முந்தி சோழமண்டலம் போயி விசா இல்லாம உக்காந்திருக்கு.

அதுக்கும் மேல ஒண்ணு கேளு. 1836 வாக்குல வில்லியம் கொலென்சோன்னு ஒரு மிஷன்காரர், ஃபாங்கரே பக்கம் மாவோரிப் பொம்பளைக ஒரு வெங்கலப் பாத்திரத்துல உருளைக்கிழங்கு அவிக்கிறதைப் பாத்திருக்காரு. கிட்டப் போயி பாத்தா அது பாத்திரமே இல்ல, ஒரு கப்பல் மணியோட மேல்பாதி. சுத்தி தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஷ்ங்கிற கப்பலோட மணின்னு அதுல பொறிச்சிருக்கு. அது எப்படி அங்க போய்ச் சேந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் துலங்கல. வெலிங்டன்ல தெ பாப்பா அருங்காட்சியகத்துல இருக்கு. நம்ம ஆளுக சாமான் எந்தத் தேசத்துக்குப் போனாலும் கடைசியில அடுப்பங்கரைக்குத்தான் போகுது பாத்தியா. எதுக்குச் சொல்லுதேன்னா, நீயும் உன் எவர்சில்வர் தூக்குச்சட்டியை அந்தக் கடற்கரையில மறந்துட்டு வந்துராத. இருநூறு வருசம் கழிச்சு அதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, உன் பொஞ்சாதி அடிச்சுவச்ச பேரை எவனாவது உக்காந்து எழுத்துக்கூட்டிக்கிட்டு இருப்பான்.

குகை இருக்கிற பெரிய குடாவுக்கு மாவோரிக வச்ச பேரு தெ ஃபாங்கனுயி ஓ ஹேய். ஹேய்ங்கிறவர் அந்தக் காலத்துல தெ அராவாங்கிற தோணியில வந்த பெரியவர். அவர் வம்சத்து ஆளுக, நாட்டி ஹேய் மக்கள், இன்னமும் அங்கன இருக்காக. அந்தக் குடாவுலதான் 1769 நவம்பர்ல கேப்டன் குக் கப்பலை நிறுத்தி, புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்க போறதைக் கணக்குப் பாத்தாரு. அதனாலதான் அதுக்கு மெர்க்குரி பேன்னும் பேரு. நீ அங்க போயி சூரியனுக்குக் குறுக்க உன் மூஞ்சியை வச்சுப் படம் எடுக்கப்போற. அதுவும் ஒரு ஆராய்ச்சிதான், குறை சொல்லல.

சரி, நடைக்கு வருவோம்.

மேட்டுல இருந்து குகைக்கடற்கரைக்கு நடை ரெண்டரை கிலோமீட்டருக்குப் பக்கம். கேட்டதும் “பூ, இவ்வளவுதானா”ன்னு சொல்லுவே. நானும் சொன்னேன். பாதை நல்ல பாதை, கொஞ்ச தூரம் சிமெண்டும் போட்டிருக்கு. ஒரு பக்கம் கடல் தெரியும், தீவுக்கூட்டம் தெரியும். டிசம்பர்ல போனா பொஹுடுகாவா மரமெல்லாம் செக்கச்செவேல்னு பூத்து நிக்கும். போகையில ரொம்ப ஜோரா இருக்கும். என்ன காரணம்? முக்கால்வாசி இறக்கம். கடைசியில படிக்கட்டு இறங்கி மணல்ல கால் வைக்கையில நீ உன் உடம்பைப் பத்தி ரொம்பப் பெருமையா நினைச்சுக்குவே. அந்தப் பெருமையைப் பத்திரமா வச்சுக்கோ. திரும்பி வரும்போது அதே படி, அதே மேடு. இப்போ உன் தலைமேல சின்னப் பயல் உக்காந்திருப்பான், கையில ஈரத்துணி மூட்டை இருக்கும், மூத்தவ “அப்பா இன்னும் எவ்வளவு தூரம்”ன்னு கேட்டுக்கிட்டே வருவா. அப்போ இந்த மாமனை நினைச்சுக்கோ. விக்கல் வந்தா புரிஞ்சுக்கிடுதேன்.

இந்தப் பாதை எப்பவும் இப்படித் திறந்து கெடந்ததுன்னு நினைக்காத. 2023 பிப்ரவரியில கேப்ரியல்னு ஒரு புயல். அந்த வருசத் தொடக்கத்துல இருந்தே மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு, இந்தப் புயலோட சேந்து மேடெல்லாம் சரிஞ்சு பாதையைத் தின்னுருச்சு. அரசாங்கத்து இயற்கைப் பாதுகாப்புத் துறை பாதையை மூடிட்டாக. ஏறத்தாழ ரெண்டு வருசம் படகுலயும் கயாக்குலயும்தான் ஜனம் போச்சு. 2024 டிசம்பர்லதான் மறுபடியும் நடக்க விட்டாக. அதனால கிளம்புததுக்கு முந்தி அந்தத் துறையோட அறிவிப்பைப் பாரு. மூடிட்டாகன்னா மூடிட்டாகதான். அங்க கேட்டுல வாட்ச்மேன் கிடையாது, அவர் கையில அம்பது ரூபாய் அழுத்துற வசதியும் கிடையாது.

மூட்டை விசயத்துல நீ உங்க அம்மா பிள்ளை. புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, முறுக்கு, மிக்சர், பாய், குடை, பந்து, பாட்டுப் பெட்டி, அப்புறம் புதுசா வாங்கின அந்தப் பறக்கிற கேமரா. ட்ரோனுக்கு அங்க தனியா அனுமதி வாங்கணும். வாங்காமப் பறக்கவிட்டா பொறவு பணம் பறக்கும். பாட்டுப் பெட்டியை வீட்டுலயே வை. அந்தக் கரையில இருக்கிற மத்தவுகளும் ரெண்டரை மணி நேரம் காரோட்டித்தான் வந்திருக்காக, உன் குத்துப்பாட்டைக் கேக்க வரல. சாப்பாடு தாராளமா கொண்டு போ. கடற்கரையில கடை கண்ணி ஒண்ணும் கிடையாது. ஆனா நீ தின்னுட்டுப் போடுத காகிதத்துல இருந்து கறிவேப்பிலை வரைக்கும் உன்னோடதான் திரும்பி வரணும். கறிவேப்பிலை இயற்கைதானேன்னு வக்கீல் வாதம் பண்ணாத. தண்ணி மட்டும் ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாம எடுத்துக்கோ.

செருப்பு. நீ அந்தப் பட்டைச் செருப்பைத்தான் போட்டுக்கிட்டுப் போவே. போ, போ. ஒரு வார் எந்தப் படியில அறும்னு பந்தயம் கட்ட எனக்கு ஆசை.

அந்தக் கடல் ஒரு காப்பகம். 1990களோட தொடக்கத்துல 840 ஹெக்டேர், நம்ம கணக்குல ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல, காப்பகமா அறிவிச்சாக. அப்போ இருந்து யாரும் தூண்டில் போடக்கூடாது, வலை வீசக்கூடாது, சிப்பி, கல், சங்கு எதையும் எடுக்கக்கூடாது. இதனால என்ன ஆச்சுன்னா, மீனுகளுக்கு மனுசன் மேல இருந்த பயம் போயிருச்சு. ஸ்னாப்பர்னு ஒரு மீனு, நல்ல தடிமனான மீனு, இடுப்பளவு தண்ணியில நின்னா காலுக்கிட்ட வந்து உன்னை ஏற இறங்கப் பாத்துட்டுப் போகும். கல்லு இடுக்குல சிங்கி இறால் மீசையை ஆட்டும். நம்ம ஆளுகளுக்கு மீனைப் பாத்ததும் குழம்பு ஞாபகம் வரும். வரட்டும், வாயை மூடிக்கிட்டு ஞாபகப்படு. உங்க அத்தை அங்கன நின்னு “இதுக்கு மாங்காய் போட்டு வச்சா...”ன்னு ஆரம்பிச்சதும் மகள் அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா, என்னமோ மீனுக்குத் தமிழ் தெரிஞ்ச கணக்கா. ரொட்டி, முறுக்கு எதையும் மீனுக்குப் போடாத. பிள்ளைக சிப்பி பொறுக்கினா, பாத்துட்டுக் கீழ வச்சிரச் சொல்லு. தாயம் விளையாடச் சோழி வேணும்னா உங்க அம்மா திருச்செந்தூர்ல வாங்கி அனுப்புவா.

இனி குகை. இதைக் கொஞ்சம் உக்காந்து கேளு.

நீ நினைக்கிற இருட்டுக் குகை இல்ல அது. ரெண்டு கடற்கரைக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற மேட்டை கடல் குடைஞ்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்துவிட்டிருக்கு. உயரமான வளைவு, உள்ளே நின்னு பாத்தா வெளியே வெள்ளை மணலும் பச்சைத் தண்ணியும், அதுக்கு நேரா தெ ஹோஹோன்னு ஒரு வெள்ளைப் பாறையும் தனியா நிக்கும். அழகுன்னா அழகுதான், அதுல கேலி இல்ல. 2008ல வந்த நார்னியா படத்துல, ‘பிரின்ஸ் காஸ்பியன்’ல, அந்தப் பிள்ளைக நாலும் ரயில் நிலையத்துல இருந்து மாய உலகத்துக்குள்ள வந்து விழுதது இந்த வளைவு வழியாத்தான். உன் மூத்தவகிட்ட சொல்லு, நடக்கமாட்டேன்னு அடம் பிடிக்கையில உதவும்.

ஆனா அந்தப் பாறை எதுனால ஆனதுன்னு தெரிஞ்சுக்கோ. எரிமலை கக்கின சாம்பலும் நுரைக்கல்லும் படிஞ்சு இறுகினது. கருங்கல்லு கிடையாது. அலை அடியில அறுக்கும், மழைத்தண்ணி மேல இருந்து வெடிப்புல இறங்கும், காயும், ஊறும், ஒருநாள் ஒரு துண்டு சொல்லாம கொள்ளாம கீழ வரும். அந்த ஓட்டை உண்டானதே அப்படித்தான், இன்னைக்கும் அது பெருசாகிறதும் அப்படித்தான். தெ ஹோஹோவும் ஒரு காலத்துல மேட்டோட ஒட்டிக்கிட்டு இருந்ததுதான், கடல் பிரிச்சுத் தனிக்குடித்தனம் வச்சிருச்சு. வளைவு சேக்கிற ரெண்டு கடற்கரையில ஒண்ணுக்கு மேர்ஸ் லெக்னு பேரு, பெண்குதிரைக் காலு. எங்கவே அந்தக் காலுன்னு தேடினேன். அந்த உருவத்துல நின்ன பாறை எப்பவோ விழுந்து போச்சாம், பேரு மட்டும் பாக்கி.

இவ்வளவும் தெரிஞ்சுதான் பாறை விழும்னு எச்சரிக்கைப் பலகை வச்சிருக்காக. படம் போட்டு, எழுத்தும் போட்டு. நான் போன அன்னைக்கு ஒரு குடும்பம் அந்தப் பலகையில துண்டை மாட்டிட்டு வளைவுக்கு நேர் அடியில பாய் விரிச்சு உக்காந்திருந்துச்சு. நல்ல நிழலாம். நிழல் எதுனால விழுதுன்னு அவுக மேல நிமிந்து பாக்கல. நீயும் அங்கனயே உக்காரு மருமகனே. பிள்ளைகளை வரிசையா நிறுத்தி, பொஞ்சாதியை “இன்னும் கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம் பின்னால”ன்னு சுவத்தோரமாத் தள்ளி, இருபது படம் எடு. அதுல ஒண்ணுல எல்லாரும் கண்ணு திறந்திருக்கிற வரைக்கும் பாறை பொறுத்துக்கிடும்னு ஒரு நம்பிக்கை உனக்கு.

வேண்டாம்லே. வெளியே மணல்ல தள்ளி நின்னு எடு, வளைவு முழுசும் படத்துல விழும். உள்ளே கடக்கணும்னு தோணினா, முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா அந்த எண்ணத்தை விட்டுரு. பெய்யலன்னாலும் அங்கன நிக்கிறது உன் பொறுப்புதான். பாறையடி ஓரம் எதுலயுமே பாய் விரிக்காத, பிள்ளைகளை மேட்டடியில மணல் தோண்ட விடாத.

இப்போ முக்கியமான சங்கதி, ஏத்தமும் வத்தமும். இதைத்தான் நீ பாக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஓட்டல் பாப்பே, வானிலை பாப்பே, காபிக்கடை நல்லா இருக்கான்னு பாப்பே. கடல் எத்தனை மணிக்கு உள்ள போகும், எத்தனை மணிக்கு வெளிய வரும்னு கேட்டா “கடல்னா இருக்கும் மாமா”ம்பே. நீ நீச்சல் படிச்சது எங்க? நம்ம பம்புசெட்டுக் கிணத்துல. மூணாம் படியில இருந்து குதிச்சா மறுநாளும் அதே மூணாம் படிதான். கிணத்துக்கு அவசர வேலை ஒண்ணும் கிடையாது, நீ எப்ப வந்தாலும் கெடந்த இடத்துல கெடக்கும். கடலுக்கு வேலை இருக்கு. நிலா இழுக்க இழுக்க, ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஏறும், அதே அளவு நேரம் இறங்கும். ஒரு ஏத்தத்துல இருந்து அடுத்த ஏத்தத்துக்கு 12 மணி 25 நிமிசம். அதனால இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு வத்தம்னா நாளைக்குப் பத்தே முக்காலைத் தாண்டித்தான். “போன தடவை நண்பன் பதினொரு மணிக்குப் போனானாம், நாமளும் பதினொரு மணிக்கே போவோம்”னு கிளம்பினா, நண்பன் மணல்ல நடந்த இடத்துல நீ தண்ணியில நிப்பே.

வத்தத்துல வளைவுக்கு அடியில ஈர மணல், காலு நனையாம அந்தப் பக்கம் போயிரலாம். ஏத்தத்துல அலை வளைவுக்குள்ளயே வந்து அடிக்கும். காலையில உல்லாசமா அந்தப் பக்கம் போயி, சாப்பிட்டு, அசந்து ஒரு தூக்கம் போட்டவுக, எந்திரிச்சுப் பாத்தா வந்த வழியில கடல் நிக்கும். அந்தப் பக்கத்துக்கு வேற படிக்கட்டும் கிடையாது. அப்புறம் பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டு, தலைக்கு மேல பொலபொலன்னு இருக்கிற பாறையையும் பாத்துக்கிட்டு, காலுக்கடியில இழுக்கிற தண்ணியையும் சமாளிச்சுக்கிட்டு வரணும். இப்படி வந்தவுகளை ஊர்ல வீரன்னு சொல்லுவாக, அங்கன வேற பேரு சொல்லுவாக. மகள்கிட்டக் கேளு, அவ நாகரிகமா சொல்லுவா.

அட்டவணை எடுக்கிறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. போன்லயே வரும். ஹாஹேய், இல்ல ஃபிட்டியாங்கான்னு போட்டா வத்த நேரம் காட்டும். வத்தத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி மணல்ல இருக்கிற மாதிரி கிளம்பு. பஸ்ஸுக்கு நிக்கிற நேரம், நடை, பிள்ளைக ஒண்ணுக்குப் போற நேரம், உன் பொஞ்சாதி “அடுப்பை அணைச்சனா”ன்னு யோசிக்கிற நேரம் எல்லாத்தையும் கழிச்சுப் பாரு. வீட்டுல இருந்து வெள்ளென எந்திரிச்சாத்தான் முடியும். அது நடக்காதுன்னா முந்தின நாள் ராத்திரியே ஹாஹேய்ல தங்கிரு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் சினிமா பாக்காம தங்கணும்.

நீச்சலுக்கு வாரேன். அங்கன கரையில காவல் நிக்கிற உயிர்க்காப்பாளர் கிடையாது. நல்ல நாள்ல அந்தக் குடா ரொம்ப சாது. வடகிழக்கு பாத்த குடா. கிழக்குக் காத்து ரெண்டு நாள் பலமா அடிச்சிருந்துச்சுன்னா அதே இடத்துல அலை கரையை மோதிக்கிட்டு நிக்கும், அப்போ நீ பிள்ளைகளோட மணல்வீடு கட்டு. தண்ணி, கோடையிலயே 20 டிகிரியைச் சுத்தித்தான் இருக்கும். நம்ம தூத்துக்குடிக் கடல்ல குளிச்ச உடம்பை அதுக்குள்ள ஒரே குதியா குதிச்சு இறக்கினா மூச்சு ஒரு நிமிசம் உன் பேச்சைக் கேக்காது. காலு, முட்டி, இடுப்புன்னு மெதுவா இறங்கு. பொஞ்சாதி பாக்குறாளேன்னு ஓடிப்போயி பாயாத. கல்யாணம் ஆகி இத்தனை வருசம் ஆச்சு, இனிமே அவளை ஒண்ணும் அசத்த முடியாது.

தெ ஹோஹோ பாறை கிட்டத்தான் தெரியும். நீந்திப் போயி தொட்டுட்டு வருவோம்னு கை பரபரக்கும். சுத்தி அலை புரளும், பாறை வழுக்கும், மேல இருந்து கல்லும் விழலாம். தொட்டா அது உனக்கு மொய் எழுதப்போறதில்ல, தள்ளியே நின்னு கும்பிட்டுக்கோ. எப்பவாவது தண்ணி உன்னைக் கரையில இருந்து இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா, அங்கத்திய உயிர்க்காப்பாளர்கள் ஒரு பாடம் சொல்லித் தருவாக. பதறாத, மல்லாந்து மெத. கையை உசத்திக் காட்டு. இழுவையோட போ, அது தானா ஓயும், ஓஞ்ச பொறவு அலை உடையுத பக்கமா கரைக்குத் திரும்பு. இழுவையை எதிர்த்து நேரா கரைக்கு நீந்தினா, தோக்கப்போறது யாருன்னு முன்னாலயே தெரிஞ்ச மல்யுத்தம் அது. சின்னவன் முழங்கால் தண்ணியில நின்னாலும் உன் கைக்கு எட்டுத தூரத்துல நிக்கட்டும். அந்த நேரம் போன் உன் கையில இருக்கக்கூடாது.

வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. “நாம பிறந்ததே வெயில்ல மாமா, கறுத்த தோலை என்ன செய்யும்”னு நீ நெஞ்சை நிமித்துவே. கோவில்பட்டி வெயில் வேற, அந்த வெயில் வேற. காத்துல தூசி கிடையாது, மேல ஓசோனும் குறைச்சல், அவுக கோடையில பூமியும் சூரியனுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கு. குளிர்காத்து வீசிக்கிட்டே இருக்கும், சுடுததே தெரியாது. சாயங்காலம் முதுகைத் தொட்டாத்தான் தெரியும். களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு, முழுக்கை சட்டையோட தண்ணியில இறங்கு. உங்க அத்தைக்குச் சேலைத் தலைப்பு இருந்துச்சு, தப்பிச்சா. எனக்கு வழுக்கை.

திரும்பும்போது பக்கத்துல வெந்நீர்க் கடற்கரைன்னு ஒண்ணு இருக்கு, ஹாட் வாட்டர் பீச். வத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னேயும் பின்னேயும் மணலைத் தோண்டினா வெந்நீர் ஊறும். சில இடத்துல 64 டிகிரி வரைக்கும் போகும், அதனால முதல்ல விரலை விடு, பொறவு உக்காரு. ஆனா ஒண்ணு கவனிச்சியா, அதுக்கும் வத்தம்தான் வேணும். குகைக்கும் வெந்நீருக்கும் ஒரே வத்தத்துல ரெண்டையும் முடிச்சிரலாம்னு நீ கணக்குப் போடுவே. ரெண்டும் அரைகுறையா முடியும். ஏதாவது ஒண்ணை எடு. அந்த வெந்நீர்க் கரைக் கடல்ல மட்டும் நீந்தாத, இழுவைக்குப் பேர்போன இடம். மணல் குழியில உக்காந்து முதுகுக்கு வெந்நீர் ஊத்திக்கோ, உனக்கு அது போதும்.

நடக்கவே முடியாதுன்னு பட்டா வெட்கப்படாத. ஹாஹேய்ல இருந்தும் ஃபிட்டியாங்காவுல இருந்தும் படகு போகுது, வழிகாட்டியோட கயாக்கும் போகுது. உங்க அம்மாவை அடுத்த வருசம் கூட்டிட்டுப் போகும்போது படகுலயே கூட்டிட்டுப் போ. அவ படியைப் பாத்தா அங்கனயே உக்காந்து சாமிக்கு நேந்துக்குவா.

இத்தனையும் கேட்டுட்டு “சரி மாமா, சரி மாமா”ன்னு சொல்லுத உன் குரல் இப்பவே காதுல விழுது. அது எதையும் கேக்காதவன் சொல்லுத சரி. அதனால ஒண்ணு செய். போறதுக்கு முந்தின ராத்திரி எனக்கு ஒரு போன் போடு. நாளைக்கு வத்தம் எத்தனை மணிக்குன்னு கேப்பேன். மணியும் நிமிசமும் சேத்துச் சொன்னா போயிட்டு வா. “பாத்துக்கலாம் மாமா”ன்னு சொன்னேன்னா, மறுபேச்சு இல்லாம எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஆக்லாந்து நீச்சல்குளத்துக்குப் போயிரு. அங்கன பார்க்கிங் இருக்கு.